உபுண்டு 24.04-க்கு மாறிய பின் தண்டர்பேர்ட் வெறுமையாகத் திறக்கிறது: பழைய அஞ்சல்களை எப்படி மீட்பது?

கேள்வி: பின்னலாடை அலுவலகப் பணியாளர், திருப்பூர்

வணக்கம். திருப்பூரில் சிறிய பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடனான கடிதப் போக்குவரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் அலுவலகத்தில் உள்ள மூன்று கணினிகளிலும் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடிக்கொண்டிருந்தது, அஞ்சலுக்குத் தண்டர்பேர்ட் என்ற நிரல். கடந்த சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் கொடுத்து முடித்த பிறகு, மறுநாள் விடுமுறைதான் என்ற துணிவில், திரையில் பல மாதங்களாக வந்துகொண்டிருந்த அறிவிப்பை ஏற்று மூன்றையும் 24.04-க்கு மேம்படுத்தினேன். திங்கட்கிழமை காலை முதல் கணினியில் தண்டர்பேர்டைத் திறந்தபோது, அன்றுதான் நிறுவியதைப் போல, பெயரும் முகவரியும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு சாளரம் வந்தது. பழைய கணக்குகள், கோப்புறைகள், முகவரிப் புத்தகம் எதையும் காணவில்லை.

எங்களுக்கு அஞ்சல் வசதி தரும் நிறுவனம் ஒரு முகவரிக்குக் கொடுக்கும் இடம் மிகக் குறைவு. ஆகையால் 2013 முதல் பாப் முறையில் அஞ்சல்களைக் கணினிக்கு இறக்கிக்கொண்டு, சர்வரிலிருந்து நீக்கிவிடுவதே எங்கள் வழக்கம். அதாவது இந்த ஒரு கணினியில் இருப்பதைத் தவிர அந்தக் கடிதங்களுக்கு வேறு பிரதி கிடையாது. இரண்டாண்டுகளுக்கு முன் எஸ்.எஸ்.டி. நிறைந்துவிட்டபோது, பராமரிப்புக்கு வந்தவர் தண்டர்பேர்டின் ப்ரொஃபைலை (கணக்குகள், கடிதங்கள், அமைப்புகள் எல்லாம் அடங்கிய கோப்புறையை) இரண்டாவது ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி வைத்தார். அந்த டிஸ்க் இப்போதும் திறக்கிறது. 38 ஜிபி அளவுள்ள ஒரு கோப்புறையும் அதில் தெரிகிறது. ஆனால் தண்டர்பேர்ட் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பதற்றத்தில் ஒரு முகவரியை மட்டும் புதிதாகக் கொடுத்துப் பார்த்தேன். புதிய அஞ்சல்கள் 31 வந்தன. அதற்குமேல் எதையும் தொடாமல் நிறுத்திவிட்டேன்.

எனக்குள்ள நெருக்கடியைச் சொல்லிவிடுகிறேன். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியின் நிறம் ஒப்புதல் தந்த நிறமல்ல என்று ஒரு வாடிக்கையாளர் இப்போது கூறுகிறார். அந்த லேப் டிப்புக்கு (நிற ஒப்புதலுக்காகச் சாயமிட்டு அனுப்பும் மாதிரித் துணிக்கு) அவர்களே ஒப்புதல் அளித்த கடிதம் காணாமல் போன அஞ்சல்களுக்குள் இருக்கிறது. அட்டைப்பெட்டிகள் கட்டி முடிந்து தூத்துக்குடிக்குச் செல்லக் காத்திருக்கின்றன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு இயங்குதளம் போட்டுவிடலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார். நான் அதற்கு உடன்படவில்லை.

இரண்டாவது கணினியில் அஞ்சல்கள் அப்படியே உள்ளன. ஆனால் லிப்ரெஆபிஸில் திறந்திருக்கும் கோப்பை அங்கிருந்தே அஞ்சலில் அனுப்பினால் இணைப்பு வந்து சேர்வதில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது எனக்குத் தெரியவில்லை. நிதானமாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: கல்லூரிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர், கோயம்புத்தூர்

வணக்கம் சகோதரி. 38 ஜிபி கோப்புறை கண்ணுக்குத் தெரிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. உங்கள் அஞ்சல்கள் அழியவில்லை. தண்டர்பேர்ட் அவற்றைத் தேடும் இடம் மாறிவிட்டது. நீங்கள் நிறுத்திக்கொண்டதும் மிகச் சரியான செயல். இனி நான் சொல்லும்வரை அந்தக் கணினியில் தண்டர்பேர்டைத் திறக்க வேண்டாம்; வேறு எந்த முகவரியையும் புதிதாகக் கொடுக்கவும் வேண்டாம்.

நடந்தது இதுதான். உபுண்டு 22.04 வரை தண்டர்பேர்ட், உபுண்டுவின் வழக்கமான நிறுவல் வடிவமான டெப் பொதியாக வந்தது. 2024 ஏப்ரலில் வெளியான 24.04-இல் அதை ஸ்னாப் பொதியாக மாற்றிவிட்டார்கள், ஃபயர்பாக்ஸுக்கு 22.04-இலேயே இந்த மாற்றம் நடந்துவிட்டது. இப்போது பழைய பெயரில் இருக்கும் டெப் பொதிக்குள் நிரல் எதுவும் இல்லை. ஸ்னாப்பை வரவழைப்பது மட்டுமே அதன் வேலை. ஆகவே நீங்கள் இயங்குதளத்தை மட்டும் மேம்படுத்தியதாக நினைத்திருந்தாலும், அஞ்சல் நிரலே வேறொரு வடிவத்துக்கு மாறிவிட்டது.

ஸ்னாப் நிரல்கள் வேலிக்குள் கட்டிய மாட்டைப் போன்றவை. கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம்தான் மேய முடியும். உங்கள் வீட்டுக் கோப்புறையில் சாதாரணமாகத் தெரியும் கோப்புகளை அவை படிக்கலாம். புள்ளியில் தொடங்கும் மறை கோப்புறைகளைப் பொதுவாகத் தொட முடியாது. வேறு டிஸ்க்குகளை, நாம் தனியாக அனுமதி தராதவரை, எட்டிப் பார்க்கவும் முடியாது. டெப் தண்டர்பேர்டின் ப்ரொஃபைல், வீட்டுக் கோப்புறைக்குள் புள்ளி தண்டர்பேர்ட் என்ற மறை கோப்புறையில் இருந்தது. ஸ்னாப் தண்டர்பேர்ட் தன்னுடையதை, வீட்டுக் கோப்புறையில் ஸ்னாப், அதற்குள் தண்டர்பேர்ட், அதற்குள் காமன் என்ற இடத்தில் வைத்துக்கொள்கிறது. உங்கள் இரண்டாவது கணினியில் ப்ரொஃபைல் வழக்கமான இடத்திலேயே இருந்ததால் அது புதிய இடத்துக்கு நகலாகி வந்துவிட்டது. முதல் கணினியின் ப்ரொஃபைலோ வேறு டிஸ்க்கில் இருக்கிறது. அது இருக்கும் இடத்தைச் சுட்டும் சிறிய பட்டியல் கோப்பு நகலாகியிருந்தாலும்கூட, சுட்டப்பட்ட இடத்தை நிரல் தொட முடியாது என்றே கருதுகிறேன். உறுதிப்படுத்திக்கொள்வோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அந்த 38 ஜிபி கோப்புறையை முழுதாக, ஒரு கோப்புகூட விடாமல், வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுங்கள். பென் டிரைவைப் பயன்படுத்துவதாக இருந்தால் அதன் ஃபார்மட்டைப் பாருங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. தண்டர்பேர்ட் ஒவ்வொரு கோப்புறைக்கும் உரிய எல்லாக் கடிதங்களையும் ஒரே கோப்பில் அடுக்கிவைக்கும் என்பதால், பல ஆண்டு இன்பாக்ஸ் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். நகல் பாதியில் நின்றதைக் கவனிக்காமல் பிரதி இருக்கிறது என்று நம்பி, பின்னர் வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நகலெடுத்து முடித்ததும் இரு பக்கமும் மொத்த அளவு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள்.

பிறகு மூன்று செய்திகளை எழுதுங்கள். இங்கே கட்டளைகளைத் தமிழெழுத்தில் தருகிறேன்; தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். முதலாவது, முனையத்தில் (கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில்) ஸ்னாப் லிஸ்ட் என்று தட்டினால் தண்டர்பேர்டின் பெயர் வருகிறதா, அதன் பதிப்பு எண் என்ன. இரண்டாவது, ஸ்னாப் கனெக்‌ஷன்ஸ் என்று தட்டி இடைவெளி விட்டுத் தண்டர்பேர்டின் பெயரைச் சேர்த்தால் வரும் அட்டவணையில், ரிமூவபிள் மீடியா என்ற வரிக்கு எதிரே என்ன இருக்கிறது. மூன்றாவது, கோப்பு மேலாளரில் கன்ட்ரோல், ஹெச் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மறை கோப்புறைகள் தெரியும். புள்ளி தண்டர்பேர்ட் கோப்புறையில் உள்ள ப்ரொஃபைல்ஸ் டாட் ஐஎன்ஐ கோப்பைத் திறந்து, அதில் பாத் என்று தொடங்கும் வரிகள் எந்த இடத்தைச் சுட்டுகின்றன.

மறுமொழி 2: மஞ்சள் மண்டிக் கணக்கர், ஈரோடு

வணக்கம். எங்கள் மண்டியில் சென்ற கோடையில் திடீரென்று மின்சாரம் நின்றபோது தண்டர்பேர்ட் இதைப் போலவே மக்கர் செய்தது. நிரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பதிலளிக்கவில்லை என்ற செய்தி வந்தது. ப்ரொஃபைலுக்குள் இருந்த லாக் என்ற பெயருள்ள கோப்பையும், புள்ளி பேரன்ட்லாக் என்ற கோப்பையும் நீக்கியதும் சரியாகிவிட்டது. நீங்களும் அதைச் செய்து பாருங்கள். அதனாலும் ஆகவில்லை என்றால், புதிய இடத்தில் பழைய ப்ரொஃபைலுக்கு ஒரு சிம்லிங்க் (வேறிடத்தில் உள்ள கோப்புறையைக் காட்டும் சுட்டி) போட்டுவிட்டால் போதும். 38 ஜிபியை இடம் மாற்ற வேண்டியதே இல்லை.

மறுமொழி 3: வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி அலுவலகத்தைச் சேர்ந்தவர், கரூர்

ஈரோட்டு நண்பர் சொல்வது அவருடைய கணினியில் சரியாக நடந்த தீர்வுதான். ஆனால் அந்த நோய் வேறு, இந்த நோய் வேறு. பூட்டுக் கோப்பு சிக்கிக்கொண்டால் தண்டர்பேர்ட் திறக்காது. அதற்கான செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். சகோதரிக்கோ நிரல் ஒரு தடையுமின்றித் திறக்கிறது. திறந்து புதுக் கணக்கு கேட்கிறது. திரையில் வரும் செய்தியைச் சொல்லுக்குச் சொல் குறித்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோரிடமும் நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். "போகவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும்.

சிம்லிங்க் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஸ்னாப்பைக் கட்டுப்படுத்தும் ஆப்பார்மர், சுட்டி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை. அது சுட்டும் கோப்பு உண்மையில் எந்த இடத்தில் இருக்கிறது என்றே பார்க்கும். வேலிக்கு உள்ளே நின்றுகொண்டு வேலிக்கு வெளியே கை காட்டினால் கதவு திறந்துவிடாது. இதே சிம்லிங்க்கை நம்பி நான் ஒரு முழு மாலையைச் செலவிட்டிருக்கிறேன். சகோதரிக்கு அவ்வளவு நேரம் இல்லை. கோவை ஐயா கேட்ட மூன்று செய்திகளையும் முதலில் தாருங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பிரதி எடுத்துவிட்டேன். முதலில் பென் டிரைவில் முயன்றபோது, ஐயா சொன்னதைப் போலவே, 11 ஜிபி அளவுள்ள இன்பாக்ஸ் கோப்பில் நகல் நின்றுபோனது; பிறகு எங்கள் கணக்குப் பிரிவின் வெளி டிஸ்க்கை வாங்கி எடுத்தேன். இரு பக்கமும் அளவு பொருந்துகிறது.

ஸ்னாப் லிஸ்டில் தண்டர்பேர்ட் இருக்கிறது. ரிமூவபிள் மீடியாவுக்கு எதிரே வெறும் சிறுகோடு மட்டுமே உள்ளது. ப்ரொஃபைல்ஸ் கோப்பில், மீடியா கோப்புறையின் கீழ் உள்ள இரண்டாவது டிஸ்க்கின் முழுப்பாதை இருக்கிறது. அதற்கு மேல் ஈஸ்ரிலேட்டிவ் என்ற வரியில் சுழியம் இருக்கிறது.

இதற்கிடையில் இன்னொன்று நடந்துவிட்டது. நான் மதிய உணவுக்குச் சென்றிருந்த நேரத்தில், உதவும் எண்ணத்தில் உடன் பணிபுரிபவர் தண்டர்பேர்டின் இணையதளத்திலிருந்து நேரடியாக ஒரு தொகுப்பை இறக்கி, ப்ரொஃபைல் தெரிவுச் சாளரத்தில் பழைய பெயரைத் தேர்ந்து திறந்திருக்கிறார். எல்லாக் கடிதங்களும் தெரிந்தன என்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அந்தத் தொகுப்பில் ஒப்புதல் கடிதத்தைத் தேடுவதற்குள் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. பிறகு ஸ்னாப்பின் வழியாக ஏதாவது செய்ய முயன்றால், நீங்கள் பழைய பதிப்பைத் தொடங்கியிருக்கிறீர்கள், புதிய ப்ரொஃபைல் உருவாக்குங்கள் அல்லது வெளியேறுங்கள் என்ற பொருளில் ஒரு செய்தி வருமா என்று அஞ்சுகிறேன். ஏனெனில் அவர் இறக்கிய தொகுப்பின் பதிப்பு எண் ஸ்னாப்பின் எண்ணைவிட அதிகம் என்று தெரிகிறது. நான் இனி என்ன செய்வது?

மறுமொழி 3: கரூர்

அஞ்ச வேண்டாம். நீங்கள் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தது சரி, அந்தச் செய்தி கட்டாயம் வரும். ப்ரொஃபைலுக்குள் காம்பாட்டிபிலிட்டி டாட் ஐஎன்ஐ என்று ஒரு சிறு கோப்பு இருக்கிறது. கடைசியாக எந்தப் பதிப்பு இந்த ப்ரொஃபைலைத் திறந்தது என்று அதில் பதிவாகும். அதைவிடப் பழைய பதிப்பு திறக்க முயன்றால் தண்டர்பேர்ட் மறுத்துவிடும், ஏனெனில் புதிய பதிப்பு தன் தரவுத்தளங்களைத் தனக்கேற்ப மாற்றியமைத்திருக்கலாம். பழைய பதிப்புக்கு அந்த மாற்றம் புரியாது. இணையதளம் 2025 மார்ச் முதல் மாதந்தோறும் வெளியாகும் பதிப்பையே முன்னால் வைக்கிறது. நீண்டகால ஆதரவுப் பதிப்பைப் பின்பற்றுபவர்கள் அங்கிருந்து இறக்கி ஒருமுறை திறந்தாலே இப்படி முன்னே போய்விடுவார்கள், திரும்பி வருவதற்குப் பாதுகாப்பான வழி கிடைக்காது.

இந்தத் தடையை மீறச் சொல்லும் கட்டளை விருப்பம் ஒன்று உண்டு. இணையத்தில் பலர் அதை எளிதாகப் பரிந்துரைப்பார்கள். வேறு பிரதியே இல்லாத பன்னிரண்டு ஆண்டுக் கடிதங்களின் மீது அதைச் செய்ய நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். உங்களிடம்தான் தொகுப்பு திறக்கப்படுவதற்கு முன் எடுத்த, யாரும் தொடாத பிரதி இருக்கிறதே. அதிலிருந்து இன்னொரு பிரதி எடுத்து, அந்த இரண்டாம் பிரதியை இரண்டாவது டிஸ்க்கில் புதிய பெயரில் வையுங்கள். வெளி டிஸ்க்கில் உள்ள முதற்பிரதியை எடுத்து உறையில் போட்டு மேசைக்குள் வைத்துவிடுங்கள். அதை எந்த நிரலும் திறக்கக் கூடாது.

அவசரமாக வேண்டிய அந்த ஒரு கடிதத்துக்கு இவ்வளவும் தேவையில்லை. உங்கள் நண்பர் இறக்கிய தொகுப்பு ஸ்னாப் அல்ல, அதற்கு வேலி இல்லை. அவர் திறந்த அதே ப்ரொஃபைல் ஏற்கெனவே முன்னே போய்விட்டதால், அதை அதே தொகுப்பில் மீண்டும் திறப்பதால் கூடுதல் சேதம் எதுவும் நேராது. திறந்தவுடன் கோப்புப் பட்டியில் ஆஃப்லைன் முறைக்கு மாற்றிவிட்டு, ஒப்புதல் கடிதத்தைத் தேடி எடுத்து வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். இன்று மாலை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடலாம். பழுது பார்ப்பதை அதன் பிறகு பார்ப்போம்.

மறுமொழி 1: கோயம்புத்தூர்

கரூர் சகோதரி சொன்ன வரிசையை அப்படியே ஏற்கிறேன்; கடிதத்தை முதலில் எடுத்துவிடுங்கள். அது முடிந்தபின் நிலையான தீர்வு இது.

முனையத்தில் சுடோ ஸ்னாப் கனெக்ட் என்று தட்டி, தண்டர்பேர்ட், முக்காற்புள்ளி, ரிமூவபிள் சிறுகோடு மீடியா ஆகியவற்றை இடைவெளியின்றிச் சேர்த்து எழுதுங்கள். மீடியா, எம்என்டி ஆகிய கோப்புறைகளின் கீழ் இணைக்கப்படும் டிஸ்க்குகளைத் தொட ஸ்னாப்புக்கு இது அனுமதி தரும். உங்கள் டிஸ்க் மீடியாவின் கீழ் இருப்பது நல்லதாயிற்று. வேறு பெயரில் தனியாக ஒரு கோப்புறை உருவாக்கி அங்கே இணைத்திருந்தால் இந்த அனுமதி உதவாது, இணைக்கும் இடத்தையே மாற்ற வேண்டியிருக்கும். பிறகு மீண்டும் ஸ்னாப் கனெக்‌ஷன்ஸ் பார்த்தால் சிறுகோடு இருந்த இடத்தில் இணைப்பு தெரியும்.

அடுத்து, தண்டர்பேர்ட் எனத் தட்டி இடைவெளி விட்டுச் சிறுகோடும் பெரிய எழுத்துப் பி-யும் சேர்த்தால் ப்ரொஃபைல் தெரிவுச் சாளரம் வரும். அதில் புதிய ப்ரொஃபைல் உருவாக்கச் சொல்லி, பெயர் கொடுத்த பின், கோப்புறையைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானை அழுத்தி, இரண்டாம் பிரதி இருக்கும் கோப்புறையைக் காட்டுங்கள். ஏற்கெனவே கடிதங்கள் உள்ள கோப்புறையைக் காட்டினால் அது எதையும் அழிக்காமல் அப்படியே பயன்படுத்தும். அதே சாளரத்தில் நீக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அது கோப்புகளையும் சேர்த்து நீக்கவா என்று கேட்கும். அந்தப் பொத்தானின் பக்கமே போகாதீர்கள்.

கடவுச்சொற்கள் மீண்டும் கேட்கப்படாமல் இருக்க வேண்டுமென்றால் லாகின்ஸ் டாட் ஜேசன், கீ4 டாட் டிபி என்ற இரண்டு கோப்புகளும் சேர்ந்தே வந்திருக்க வேண்டும். ஒன்று பெட்டி, மற்றது சாவி. முழுக் கோப்புறையையும் நகலெடுத்ததால் உங்களுக்கு இதில் குறை வராது.

திறந்தவுடன் அஞ்சல் பெறும் பொத்தானை அழுத்த வேண்டாம். முதலில் கோப்புறைகளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேட்டவர்

நேற்று மாலை ஆறு மணிக்கு ஒப்புதல் கடிதம் கிடைத்துவிட்டது. லேப் டிப் எண்ணும் தேதியும் தெளிவாக இருந்தன. அதை இணைத்து வாடிக்கையாளருக்கு அனுப்பினேன். நள்ளிரவுக்கு முன்பே, நிறம் பற்றிய ஆட்சேபத்தை விலக்கிக்கொள்வதாகப் பதில் வந்தது. பெட்டிகள் இன்று காலை லாரியில் ஏறின.

இன்று கோவை ஐயா சொன்னபடி அனுமதி கொடுத்து, இரண்டாம் பிரதியை ஸ்னாப் தண்டர்பேர்டில் திறந்தேன். கணக்குகளும் முகவரிப் புத்தகமும் வந்துவிட்டன. ஆனால் இரண்டு கேள்விகள். இன்பாக்ஸில் தலைப்புகளைச் சொடுக்கினால் சில இடங்களில் வேறொரு கடிதத்தின் உள்ளடக்கம் வருகிறது, 2016-க்கு முந்தைய கடிதங்கள் பட்டியலிலேயே இல்லை. மேலும், முதல் நாள் பதற்றத்தில் புதிய கணக்கில் இறங்கிய 31 கடிதங்கள் இதில் இல்லை. அவற்றை எப்படிக் கொண்டுவருவது?

மறுமொழி 3: கரூர்

வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார் என்பதைப் படித்தபோது எனக்கும் நிம்மதியாக இருந்தது.

முதல் கேள்விக்கு: கடிதங்கள் இருக்கும் கோப்பு வேறு, பட்டியல் இருக்கும் கோப்பு வேறு. இன்பாக்ஸ் என்ற, பின்னொட்டு எதுவும் இல்லாத பெரிய கோப்பில்தான் கடிதங்கள் உள்ளன. அதே பெயரில் எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டுடன் இருக்கும் சிறிய கோப்பு, எந்தக் கடிதம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று குறித்துவைக்கும் பொருளடக்கம் மட்டுமே. பொருளடக்கம் கிழிந்தால் புத்தகம் கிழிந்துவிட்டது என்று பொருளல்ல. இன்பாக்ஸின் மீது வலது சொடுக்குச் செய்து, பண்புகளில் கோப்புறையைப் பழுதுபார்க்கும் பொத்தானை அழுத்துங்கள். தண்டர்பேர்ட் பெரிய கோப்பை முதலிலிருந்து படித்துப் பட்டியலைப் புதிதாக எழுதும். 11 ஜிபி என்பதால் நேரம் எடுக்கும், நிரல் உறைந்துவிட்டதைப் போலத் தோன்றும், மூடாமல் காத்திருங்கள். இதில் நீங்கள் இட்ட நட்சத்திரக் குறிகள் போன்ற சில அடையாளங்கள் மாறிப்போகக்கூடும், கடிதங்கள் போகாது.

பட்டியல் சரியாகும்வரை, கோப்புறைகளைச் சுருக்கவா என்று தண்டர்பேர்ட் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீக்கிய கடிதங்கள் சுருக்கும்வரை பெரிய கோப்பிலேயே மறைந்திருக்கும். சுருக்கினால்தான் உண்மையில் வெளியேறும். தவறான பட்டியலை வைத்துக்கொண்டு சுருக்குவதை நான் ஒருபோதும் செய்யமாட்டேன்.

இரண்டாவதற்கு: பெரும்பாலும் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. புதிதாக அமைக்கும் பாப் கணக்கு கடிதங்களை உடனே சர்வரிலிருந்து நீக்குவதில்லை, சில நாள்கள் அங்கேயே விட்டுவைக்கும். எந்தக் கடிதங்கள் இறங்கிவிட்டன என்ற கணக்கைப் பாப்ஸ்டேட் என்ற கோப்பில் ஒவ்வொரு ப்ரொஃபைலும் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. உங்கள் பழைய ப்ரொஃபைலின் கணக்கில் அந்த 31 இல்லை. ஆகவே அஞ்சல் பெறும் பொத்தானை அழுத்தினால் அவை புதியவையாகவே வந்து சேர வேண்டும். வராவிட்டால், புதிய ப்ரொஃபைலின் இன்பாக்ஸ் கோப்பை எடுத்து, முப்பத்தொன்று என்பது போல் வேறு பெயரிட்டு, பின்னொட்டு இல்லாமல், பழைய ப்ரொஃபைலில் மெயில் என்பதற்குள் உள்ள லோக்கல் ஃபோல்டர்ஸ் கோப்புறையில் தண்டர்பேர்ட் மூடியிருக்கும்போது வையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது அது ஒரு கோப்புறையாகத் தெரியும்.

மறுமொழி 2: ஈரோடு

ஆப்பார்மர் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. எங்கள் மண்டிக் கணினியும் விரைவில் 24.04-க்கு மாற வேண்டியிருக்கிறது. ஸ்னாப்பே வேண்டாம், பழைய முறையிலேயே இருக்க வேண்டும் என்றால் வழி உண்டா?

மறுமொழி 3: கரூர்

உண்டு, எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறோம். மொசில்லாடீம் என்ற பிபிஏ (உபுண்டுவின் வழக்கமான களஞ்சியத்துக்கு வெளியே நாமே சேர்த்துக்கொள்ளும் பொதிக் களஞ்சியம்) தண்டர்பேர்டை இன்னும் டெப் பொதியாகத் தருகிறது. ஆனால் அதைச் சேர்த்துவிட்டு நிறுவினால் மட்டும் போதாது. உபுண்டுவின் வெற்றுப் பொதிக்கு, எப்போதும் உயர்ந்ததாகவே கணக்கிடப்படும்படி, பதிப்பு எண்ணின் முன்னால் 2 என்ற எண்ணும் முக்காற்புள்ளியும் சேர்த்திருக்கிறார்கள். ஆகையால் அடுத்த மேம்படுத்தலில் அது மீண்டும் ஸ்னாப்பைக் கொண்டுவந்துவிடும். பொதிகளை நிறுவும் கருவியான ஏப்ட்டின் அமைப்புக் கோப்புறையில் உள்ள ப்ரிஃபரன்சஸ் பிரிவில் ஒரு சிறு கோப்பு எழுதி, பிபிஏ-வின் தண்டர்பேர்டுக்கு 1001 என்ற முன்னுரிமையும், உபுண்டுவின் ஸ்னாப் சுட்டும் பொதிக்கு எதிர்ம முன்னுரிமையும் தர வேண்டும். பலர் இந்த இரண்டாவது படியை விட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து இதே கேள்வியுடன் வருகிறார்கள். மாறும்போது பிபிஏ-வின் பதிப்பு, உங்கள் ப்ரொஃபைலைக் கடைசியாகத் திறந்த பதிப்பைவிடக் குறைவாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 1: கோயம்புத்தூர்

இதில் எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. கரூர் அலுவலகத்தில் பராமரிக்கத் தெரிந்தவர் இருக்கிறார். பிபிஏ அவர்களுக்குப் பொருந்தும். எல்லா அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருப்பதில்லை. திருப்பூர் சகோதரி ஸ்னாப்பிலேயே தொடர்வதில் தவறில்லை, அனுமதி கொடுத்துவிட்ட நிலையில் அது ஒழுங்காக வேலை செய்யும். ஸ்னாப் தானாகவே நாளுக்கு நான்கு முறை புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்க்கும். சரக்கு அனுப்பும் வாரத்தில் மாற்றம் வேண்டாம் என்றால் ஸ்னாப் ரெஃப்ரெஷ் கட்டளையுடன் ஹோல்ட் விருப்பத்தைச் சேர்த்து, தண்டர்பேர்டை மட்டும் ஓரிரு வாரங்களுக்கு நிறுத்திவைக்கலாம். அதற்குமேல் நிறுத்தாதீர்கள். அறிமுகமில்லாதவர்களிடமிருந்து நாள்தோறும் இணைப்புகளைப் பெறும் நிரலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமாவது நல்லதல்ல.

உங்கள் இரண்டாவது கணினியின் சிக்கலுக்கும் வேர் இதுவே. லிப்ரெஆபிஸ் அனுப்ப வேண்டிய கோப்பை டெம்ப் கோப்புறையில் தற்காலிகமாக வைத்துவிட்டு, அந்த இடத்தைத் தண்டர்பேர்டுக்குச் சொல்கிறது. ஸ்னாப்புக்குத் தனக்கென்று வேறொரு டெம்ப் இருப்பதால், சொன்ன இடத்தில் அதற்கு ஒன்றும் தெரிவதில்லை. கோப்பை டாக்குமென்ட்ஸ் போன்ற சாதாரணக் கோப்புறையில் சேமித்துவிட்டு, தண்டர்பேர்டுக்குள்ளிருந்து கையால் இணையுங்கள்.

கேட்டவர்

பழுதுபார்ப்பு முக்கால் மணி நேரம் ஓடியது. 2013-ஆம் ஆண்டின் முதல் கடிதம் வரை பட்டியல் வந்துவிட்டது. சொடுக்கிப் பார்த்த இடங்களிலெல்லாம் தலைப்பும் உள்ளடக்கமும் பொருந்துகின்றன. அஞ்சல் பெற்றபோது அந்த 31 கடிதங்களும் தாமாகவே இறங்கின. இரண்டாவது கணினியில் கோப்பைச் சேமித்துக் கையால் இணைத்தால் ஒழுங்காகச் செல்கிறது.

இப்போதைக்கு ஸ்னாப்பிலேயே இருக்கிறோம். இன்பாக்ஸை ஆண்டு வாரியாகப் பிரித்துத் தனித்தனிக் கோப்புறைகளுக்கு நகர்த்தும் வேலையை ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறேன். சனிக்கிழமைதோறும் சம்பளம் கொடுத்து முடித்தபின் தண்டர்பேர்டை மூடி, ப்ரொஃபைலை வெளி டிஸ்க்குக்கு நகலெடுப்பது என்று அலுவலகத்தில் முடிவாகியிருக்கிறது. அதற்கென்று ஒரு புதிய டிஸ்க்கும் வாங்கித் தந்துவிட்டார்கள். மேசைக்குள் உறையில் இருக்கும் அந்த முதற்பிரதியை நான் இன்னும் தொடவில்லை.